தாளிக்க முடியாத சமையலறையில் ஒரு பஸ்கா விருந்து

யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தை எங்கள் வீட்டில் நடத்தப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது "என்ன சமைக்கப் போறே?" என்றுதான். உண்மையில் சமையல் அதில் பாதிகூட இல்லை. அதற்கு முன்னால் சமையலறையைத் தயார் செய்ய வேண்டும். அன்றிரவு பசியோடு உட்கார்ந்திருப்பவர்களைச் சாப்பாடு வரும்வரை சமாளிக்க வேண்டும். அந்த இரண்டையும்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். கணவர் குடும்பம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள். நான் மதுரைக்காரி, மதம் மாறவில்லை. செடர் எனப்படும் இந்த இரவு விருந்தை மாமியார்தான் வருடா வருடம் நடத்திவந்தார். அவர் சின்ன அபார்ட்மென்டுக்குக் குடிபோனதும், 2024-இல் பஸ்கா பாத்திரப் பெட்டிகளோடு பொறுப்பும் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 22, திங்கட்கிழமை இரவு. விருந்தாளிகளில் கணவரின் சித்தப்பா மட்டும் ஆசாரம் பார்ப்பவர். "அவர் கை நனைக்கிற மாதிரி இருந்துட்டா போதும், மத்தவங்க ஒண்ணும் பார்க்க மாட்டாங்க" என்று மாமியார் அளவுகோலையும் சொல்லிவிட்டார்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் அவசர அவசரமாகக் கிளம்பியபோது மாவு புளிக்க நேரமில்லை. அதன் நினைவாக, கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதுவும் நீர் பட்டுப் புளித்த நிலையில் எட்டு நாள் வீட்டில் இருக்கக்கூடாது. இஸ்ரேலில் ஏழு நாள். அதற்கு ஹமெட்ஸ் என்று பெயர். மட்சா என்கிற புளிக்காத ரொட்டியும் கோதுமைதான், ஆனால் மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வெந்துவிட வேண்டும். ரொட்டியையும் பாஸ்தாவையும் தூக்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம் நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

கடுகு கூடாது. உளுந்து, துவரை, கடலை, எள் எதுவும் கூடாது. அரிசியும் கூடாது! இவை ஹமெட்ஸ் இல்லை, ஆனால் கிட்னியோத் என்ற பட்டியலில் வருபவை. அஷ்கெனாசிகள் பல நூற்றாண்டுகளாக பஸ்காவில் இவற்றைத் தொடுவதில்லை. சீரகம், வெந்தயத்தையும் அதில் சேர்ப்பவர்கள் உண்டு. பெருங்காயம் இன்னும் மோசம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பினால் எழுதியே இருக்கிறது. ஆகத் தாளிப்பில் எனக்கு மிஞ்சியது கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சி, மிளகு. தேங்காய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் தடையில்லை என்று தெரிந்தபோதுதான் உயிர் வந்தது.

ஈராக்கிய யூதர்கள் பஸ்காவில் அரிசியை நன்றாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் என்ற யூதப் பிரிவின் சட்டக் குழு, அஷ்கெனாசிகளும் கிட்னியோத் சாப்பிடலாம் என்று 2015-இல் சொல்லிவிட்டது. மாமியார் வீட்டில் அந்தத் தீர்ப்பை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா போனில், "பண்டிகைங்கிறே, சோறு இல்லைங்கிறே, என்னடி இது" என்றார்.

பாத்திரங்களுக்கு வருவோம். மண்சட்டி, பீங்கான் இரண்டையும் எப்படிக் கழுவினாலும் ஹமெட்ஸ் போகாது என்பது சட்டம். எவர்சில்வரைத் தேய்த்துக் கழுவி, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்திருந்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுக்கினால் சரியாகிவிடும். சப்பாத்திக் கல்லை நெருப்பில் செக்கச்செவேலெனக் காய்ச்ச வேண்டும், அந்த வம்பே வேண்டாம். கல், மிக்சி, இட்லித் தட்டு எல்லாவற்றையும் ஒரு அலமாரியில் அடைத்துக் கதவில் டேப் ஒட்டினோம். மேடை முழுக்க அலுமினியத் தாள். மாமியார் கொடுத்த பெட்டிகள் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படுபவை என்பதால் அதிலிருந்த பாத்திரங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

பிரிக்காத மாவுப் பாக்கெட்டுகளை என்ன செய்வது? ரபி எனப்படும் யூத மதகுரு வழியாக யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்பப் பெறுவதுதான் வழக்கம். ஜெப ஆலயத்தில் அதற்குப் படிவமே இருக்கிறது. "உனக்கே வித்துடலாம்னு பார்த்தேன்" என்றார் கணவர். முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டியோடு வீடு முழுக்கத் தேட வேண்டும். தேடுவது வீண்போகக் கூடாதென்று பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து முன்பே ஒளித்துவைப்பார்கள். எங்கே வைத்தோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை மறுநாள் காலையில் கொல்லையில் கொளுத்தியபோது அப்படியே போகி மாதிரி இருந்தது, மேளம்தான் இல்லை.

இனி, யூதர் அல்லாத ஒருவர் சமைப்பதில் உள்ள சிக்கல். அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைத்தால் போதும் என்பது அஷ்கெனாசி வழக்கம். அதனால் ஒவ்வொரு முறையும் கணவரைக் கூப்பிட்டு அடுப்பைப் போடச் சொன்னேன். ஒயினுக்கும் ஒரு விதி உண்டு. யூத உணவு விதிப்படி தயாரித்த கோஷர் ஒயினை யூதர் அல்லாதவர் ஊற்றினால் ஆசாரக்காரர்கள் குடிக்க மாட்டார்கள், சூடாக்கித் தயாரித்த மெவுஷல் வகையானால் பரவாயில்லை. லேபிளில் பார்த்து அதையே வாங்கினோம். இப்படி விதியோடு சேர்த்து வழியும் எப்போதும் இருக்கும். கேட்க மட்டும் கூச்சப்படக்கூடாது. சித்தப்பாவிடமே போன் போட்டுக் கேட்டேன், அவருக்குச் சந்தோஷம்தான்.

ஒருவருக்கு நான்கு கோப்பை ஒயின். கோப்பை குறைந்தது 86 மில்லி என்று வைத்தாலும் ஆளுக்கு அரை பாட்டில் ஆகிவிடும். குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறு. மட்சா வாங்கும்போது பஸ்காவுக்கு உரியது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வருடம் முழுக்க விற்கும் சாதா மட்சா இதற்கு ஆகாது. கோகோ கோலாவில்கூட மஞ்சள் மூடி போட்டதுதான். சோளப் பாகுக்குப் பதில் சர்க்கரை சேர்த்தது அது.

சூப்பில் மிதக்கும் மட்சா உருண்டைக்கு என் அளவு: மட்சாப் பொடி ஒரு கப், முட்டை நான்கு, எண்ணெய் கால் கப், சூப் கால் கப், உப்பு. கலந்து ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும். கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட வேண்டும். அழுத்தி உருட்டினால் கல்லாகிவிடும். இரண்டு மடங்கு உப்பும் என்பதால் பெரிய பாத்திரம் வேண்டும். மூடி, சிறு தீயில் அரை மணி நேரம், நடுவில் திறக்காமல். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அதனால் பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறி கணவர் பொறுப்பு. முந்தின நாளே வேகவைத்து, குளிர்ந்த பிறகு நாருக்குக் குறுக்கே வெட்டி, குழம்பிலேயே சூடாக்கினார். சூடாக வெட்டினால் பிய்ந்துபோகுமாம்.

செடரில் சாப்பிட வேண்டிய கசப்பு மூலிகைக்குக் குதிரைமுள்ளங்கிக் கிழங்கு. தோல் சீவும்வரை சாது. துருவ ஆரம்பித்த பிறகு மூக்கு, கண், உச்சந்தலை எல்லாம் திறந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துருவுங்கள். கடுகில் இருக்கும் அதே நெடிதான் இது. கடுகு கூடாது, இது கட்டாயம்! செடர் தட்டில் இதோடு சுட்ட எலும்பு, சுட்ட முட்டை, பார்ஸ்லி, ரோமைன் கீரை, ஆப்பிளும் வால்நட்டும் ஒயினும் பட்டையும் கலந்த ஹரோசெத். பக்கத்தில் உப்புத் தண்ணீர். மூன்று மட்சா தனியாகத் துணி மூடி இருக்கும்.

நேரம்தான் பெரிய பிரச்சினை. இருட்டிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் இங்கே எட்டரை ஆகிவிடுகிறது. செடரில் படிக்கும் ஹகாதா புத்தகத்தில் பதினைந்து படிகள், சாப்பாடு பதினோராவது படி. அதற்கு முன்னால் விடுதலைக் கதை முழுவதும் படிக்கப்பட வேண்டும். எங்களிடம் இருப்பவை மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி கம்பெனி 1932 முதல் கொடுத்துவரும் ஹகாதாக்கள். காபிக் கொட்டை பயறு இல்லை, பஸ்காவில் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்ல வந்த விளம்பரம் அது. கறிக்குப் பின் பால் கூடாது என்பதால் எனக்குக் கிடைத்தது வெறும் டிகாஷன், அது வேறு கதை.

பசிக்கு மாமியார் சொன்ன உபாயம் கைகொடுத்தது. மூன்றாவது படியில் காய் ஒன்றை உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட வேண்டும். பார்ஸ்லிதான் வழக்கம், ஆனால் வேகவைத்த உருளைக்கிழங்கு வைக்கிற குடும்பங்களும் உண்டு. அந்த இடத்தில் உருளைக்கிழங்கு, கேரட், செலரி என்று ஒரு தாம்பாளமே வைத்துவிட்டேன். குழந்தைகளுக்கு மாலையிலேயே முட்டையும் உருளைக்கிழங்கும் கொடுத்துத் தூங்கவைத்து எழுப்பினோம். அன்று பகலில் ரொட்டியும் கிடையாது, மட்சாவும் கிடையாது என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்.

ஹகாதாவில் வரும் நான்கு கேள்விகளையும் வீட்டின் கடைக்குட்டி பாடி முடித்ததும் கதை சூடுபிடித்தது. எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு ஒயினைத் தட்டில் வைப்பார்கள். குழந்தைகள் விரலைத் தட்டோடு நிறுத்துவதில்லை. வெள்ளை விரிப்பு வேண்டாம்.

சூப் மேசைக்கு வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகும் போட்டுப் புரட்டிய உருளைக்கிழங்கை சித்தப்பா மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். ஒளித்துவைத்த மட்சாத் துண்டைக் கண்டுபிடித்த பையன் லெகோ பெட்டி வாங்கித் தந்தால்தான் தருவேன் என்றான். அதைச் சாப்பிடாமல் விருந்தை முடிக்க முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், பேரம் படிந்தது. எலியா தீர்க்கதரிசிக்குக் கதவைத் திறந்து, பாட்டெல்லாம் பாடி முடிக்க நள்ளிரவுக்கு மேல் ஆனது.

மட்சா எப்படியும் மிஞ்சும், ஐந்து பவுண்டுக் கட்டாகத்தான் நிறைய கடைகளில் கிடைக்கிறது. நொறுக்கி, ஒரு நொடி தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடித்த முட்டையில் புரட்டி வறுப்பார்கள். நான் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துவிடுவேன். நான்காம் நாளுக்கு மேல் மட்சாவைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்களும் அதைச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.