மொழிபெயர்ப்பு வேண்டாத ஒரு மணி நேரம்: சுவிசுக்குப் புதிதாக வந்த குடும்பங்களும் முகமூடி நாடகமும்

சுவிசுக்கு வந்து ஓரிரு வருடத்துக்குள் பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஒரு வேலைப் பங்கீடு தானாக வந்துவிடும். பிள்ளை கின்டர்கார்டனிலும் பள்ளியிலும் மொழியைப் பிடித்துவிடுவாள். பெற்றோர் வகுப்பில் எழுத்து ஜேர்மன் படிப்பார்கள். தெருவிலோ ஆட்கள் பேசுவது சுவிஸ் ஜேர்மன். வைத்தியர், நகரசபைக் கந்தோர், பள்ளிக் கடிதம் எல்லாவற்றுக்கும் எட்டு வயதுப் பிள்ளை இடையில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். சிறுவர் நாடகத்துக்கோ படத்துக்கோ போனாலும் அதே கதைதான்: எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, பிள்ளை சொல்லித்தான் அம்மாவுக்குப் பகிடி விளங்கும்.

அதனால்தான் புதிதாக வந்த குடும்பம் முதலில் எந்த நாடகத்துக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், வசனமே இல்லாத முகமூடி நாடகத்துக்குப் போங்கள் என்று சொல்கிறோம். அங்கே அப்பம்மாவும் அப்பாவும் பிள்ளையும், பக்கத்தில் இருக்கும் சுவிஸ் குடும்பமும் ஒரே நொடியில் சிரிக்கலாம். பெற்றோர் கண்டுபிடிக்காத ஒன்றைப் பிள்ளை கண்டுபிடிக்கலாம், பிள்ளை விட்டதைப் பெற்றோர் பிடிக்கலாம். இரண்டும் மொழியால் வரும் வித்தியாசம் அல்ல.

நான்கு தேசிய மொழிகள் உள்ள நாட்டில் இந்தக் கலை வேர்விட்டது வியப்பில்லை. வசனம் இல்லாத நாடகம் சூரிச்சிலும் லோசானிலும் லுகானோவிலும் ஒரு வரி மாற்றாமல் ஓடும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த குழு மும்மன்ஷான்ஸ். அந்திரேஸ் பொசார், பெர்னி ஷூர்க், ஃபுளோரியானா ஃபிரசெட்டோ ஆகிய மூவரும் 1972இல் தொடங்கியது. 1977 முதல் 1980 வரை நியூயோர்க் பிராட்வேயில் தொடர்ந்து ஆடினார்கள். முகத்தில் கண், வாய் இருக்கும் இடத்தில் கழிவறைக் கடதாசிச் சுருள்கள். அழுகை வந்தால் சுருள் அவிழ்ந்து கீழே ஓடும். இன்னொரு காட்சியில் பிசையக்கூடிய களியால் ஆன முகங்களை மேடையிலேயே அமுக்கி, இழுத்து, வேறு முகங்களாக்குவார்கள். இவர்களுடைய புகழ்பெற்ற காட்சிகளுக்கு இசைகூடக் கிடையாது. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதால் உருளைக்கிழங்குப் பொரியல் பையை உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

பொசாரும் ஷூர்க்கும் பாரிசில் ஜாக் லெகொக்கின் பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளி 1956இல் தொடங்கியது. லெகொக் அங்கே பயன்படுத்திய ஒரு வகை முகமூடி 1960களில் பாசல் நகரத்து ஃபஸ்நாக்ட் திருவிழாவிலிருந்து எடுத்தது: பெரிய, வெள்ளையான, மூக்கு மட்டும் துருத்திய, இன்னும் முழு முகமாகாத உருவம். இன்று ஐரோப்பா முழுவதும் நாடகப் பயிற்சியில் அது புழங்குகிறது. சிறுவருக்குத் தொடக்கமாக இதைவிட நல்லது இல்லை. வயது, நிறம், ஆண், பெண் எதுவும் அதில் எழுதியிருக்காது.

நிகழ்ச்சிப் பட்டியலில் தேட வேண்டிய சொற்கள் மூன்று: 'மாஸ்கன்தெயாட்டர்', 'ஓனே வோர்ட்டே', 'நொன்வெர்பால்'. முதலாவது முகமூடி நாடகம், இரண்டாவதன் பொருள் சொற்கள் இல்லாமல் என்பது, மூன்றாவது பேச்சில்லாதது. 'அப் 5' என்றிருந்தால் ஐந்து வயதிலிருந்து. இதை ஒரு சம்பிரதாயமாக நினைத்து மூன்று வயதுத் தம்பியையும் கூட்டிப் போகாதீர்கள். அசையாத முகம் சின்னப் பிள்ளைக்கு உண்மையில் பயம் தரும். உடம்பு நகர்கிறது, முகம் நகரவில்லை, அதை அவர்களால் பொருத்திப் பார்க்க முடிவதில்லை. எங்கள் ஆட்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரில் முகமூடி என்றால் புதுவீட்டில் கண்ணூறுக்குத் தொங்கும் முகம், இல்லையென்றால் அம்பலாங்கொடையில் விற்கும் நாக ராட்சத முகம். இரண்டும் வெருட்டுவதற்கென்றே செய்தவை. வீட்டில் பெரியவர்கள் "பேய் வருது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளை மண்டபத்துக்குள் காலே வைக்காது. போவதற்கு முந்தின கிழமை ஒரு கடதாசித் தட்டில் இரண்டு ஓட்டை போட்டு, பிள்ளையின் கண் முன்னே நீங்கள் போட்டுக் கழற்றிக் காட்டுங்கள். போடுவதையும் கழற்றுவதையும் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம்.

குடும்ப நாடகங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு பின்னேரங்களிலும் புதன் பின்னேரத்திலும் வரும். புதன் பின்னேரம் அநேகமான ஆரம்பப் பள்ளிகளுக்கு விடுமுறை. நீளம் ஐம்பது நிமிடம் அல்லது ஒரு மணி நேரம், இடைவேளை இல்லை. இடைவேளை இல்லாததால் பிந்தி வந்தவரை உள்ளே விடாமலும் போகலாம். எங்கள் கலைவிழாவுக்கு ஆறு மணி என்றால் ஏழுக்குப் போகிற வழக்கம் இங்கே சரிவராது. இருபது நிமிடம் முன்னால் போனால் குளிருடுப்பைக் கார்டரோபே என்ற உடுப்பு வைக்கும் இடத்தில் கொழுவி, பிள்ளையைக் கழிவறைக்கும் கூட்டிப்போய், இருக்கையில் வைக்கும் மெத்தையும் கேட்டு எடுக்கலாம். முன்வரிசை வேண்டாம். முகமூடி பெரிது, மிக அருகில் வரும். நடுவரிசையில் நடைபாதை ஓரம் இருந்தால் பிள்ளை பயந்தாலும் சத்தமில்லாமல் வெளியே வரலாம்.

காசு பெரிய தடை என்பது எங்களுக்குத் தெரியும். சமூக உதவி பெறுபவர்களும் வருமானம் குறைந்தவர்களும் காரித்தாஸ் நிறுவனத்தின் கூல்ட்டூர்லெகி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை ஏற்கும் அரங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் நீச்சல் தடாகங்களிலும் 30 முதல் 70 வீதம் வரை கழிவு உண்டு. தகுதி இருந்தும் வெட்கத்தால் இதை எடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. இது பிச்சை அல்ல, தயவுசெய்து எடுங்கள்.

உள்ளே போனபின் பெற்றோர் செய்யும் ஒரே தவறு விளக்கம் சொல்வது. கூத்தில் பாட்டும் வசனமும்தான் கதையைக் கொண்டுபோகும். அதில் பழகிய நாங்கள் சொல் இல்லாத இடத்தைச் சொல்லால் நிரப்பப் பார்க்கிறோம். "இப்ப அவர் கோபமாயிட்டார்" என்று காதுக்குள் சொன்னவுடன் பிள்ளை மேடையை விட்டு உங்களைக் கேட்கத் தொடங்கிவிடும். பிள்ளை தானாகச் சத்தமாக ஏதும் சொன்னால் விடுங்கள், இங்கே சிறுவர் நாடகத்தில் அதைக் குறையாக எடுப்பதில்லை. "என்ன நடக்குது?" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் பெரியவர்களுக்கும் சுவை கூடும். முழு முகமூடி வாயையும் மூடும், அதனால் நடிகர் பேசவே மாட்டார். முகமூடி மாறுவதில்லை, சாய்வும் நிழலும் மாறுகின்றன. முகம் கொஞ்சம் குனிந்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கவலை தெரியும். அதே முகம் நிமிர்ந்து வெளிச்சத்தை வாங்கினால் சிரிக்கிற மாதிரி இருக்கும். நல்ல நடிகர் ஒன்றைக் காண்பார், நிற்பார், முகத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்புவார், பிறகுதான் செயல். அந்தத் திருப்பலில்தான் நினைப்பு எங்களுக்கு வந்து சேர்கிறது. மேடையில் இருவர் இருந்தால் ஒருவர் அசைய மற்றவர் அப்படியே நிற்பார்; இருவரும் ஒன்றாக அசைந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் காட்சி குழம்பும். கையை முகமூடியில் படவிட மாட்டார்கள். பட்டால் கடதாசிச் சத்தம் கேட்கும், உயிர் போய்விடும். கண்ணோட்டை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், நடிகருக்குத் தன் கால்கூடத் தெரியாது. மேடை விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டியிருப்பதைக் கண்டால் காரணம் அதுதான்.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து, பத்து வயதுக்கு மேலானால், பெர்லினிலிருந்து வரும் ஃபமீலியே ஃப்ளொட்ஸ் குழுவைப் பாருங்கள். அவர்களுடைய 'தெயாட்ரோ டெலூசியோ' ஒரு நாடக அரங்கின் பின்புறத்தில் நடக்கிறது. மூன்றே நடிகர்கள் 29 பாத்திரங்களாக வருவார்கள். முடிவில் மூன்று பேர் மட்டும் முகமூடியைக் கழற்றி வணங்கும்போது பிள்ளைகள் மற்றவர்கள் எங்கே என்று தேடுவார்கள்.

வீட்டிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலோ ஒரு வெள்ளை முகமூடி செய்ய இரண்டு வார இறுதிகள் போதும். பலகையில் பத்திரிகையைக் கசக்கிக் கட்டி, அதன்மேல் மூன்று கிலோ களிமண்ணைப் பூசி, அகலம் 20, உயரம் 26 சென்ரிமீற்றரில் முகத்தை உருட்டுங்கள். சின்ன விபரம் எதுவும் வேண்டாம்: ஒரு பெரிய மூக்கு, இரண்டு பள்ளம், அவ்வளவுதான். தாடைக்குக் கீழே உள்நோக்கி வளைத்துவிட்டால் பிறகு முகமூடி களிமண்ணிலிருந்து கழறாது, உடையும். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாளைச் சுற்றுங்கள், அல்லது வசலின் பூசுங்கள்.

பசைக்குச் சுவர்க்கடதாசி ஒட்டும் தூள், அதாவது தப்பேட்டன்க்ளைஸ்டர், நல்லது. பிள்ளைகள் கைவைப்பதால் பூஞ்சணக் கொல்லி கலக்காத சாதாரண வகையை வாங்குங்கள். கூழ்ப் பதத்துக்குக் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். கோதுமை மாப் பசையும் ஒட்டும், ஆனால் கெல்லரில், அதாவது நிலக்கீழ் அறையில், வைத்தால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியைக் கத்தரிக்காமல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பட்டிகளாகக் கிழியுங்கள். கிழித்த ஓரத்தின் நார் ஒன்றோடொன்று பிணையும், வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும். ஒரு படை பத்திரிகை, அடுத்த படை வெறும் வெள்ளைத் தாள் என்று மாற்றி ஆறு படை. இப்படி மாற்றினால்தான் எந்த இடம் விட்டுப்போனது என்று தெரியும். மூன்று படைக்குப் பிறகு ஒரு நாள் காயவிட்டு மற்ற மூன்று. ஹைட்சுங் வெப்பத்தட்டின் மேல் வைத்துக் காயவைக்க எல்லாருக்கும் அவசரம் வரும். வைத்தால் வெளிப்பக்கம் சுருங்கி, உள்ளே ஈரம் நிற்க, முகம் கோணும். அறையின் நடுவில், யன்னலைத் தினமும் பத்து நிமிடம் திறந்து காயவிடுங்கள்.

கழற்றியபின் ஓரத்துக்கு இன்னொரு இரண்டு படை மடித்து ஒட்டினால் பிய்யாது. பிள்ளையின் முகத்தில் வைத்துப் பென்சிலால் கண் இடத்தைக் குறியுங்கள். உருட்டிய கண்பள்ளமும் பிள்ளையின் கண்ணும் பொருந்தாமல் போவது வழமை, ஓட்டை பிள்ளையின் கண்ணுக்கு நேரேதான் வர வேண்டும். முதல் முறை ஒன்றரை சென்ரிமீற்றர் ஓட்டை போதும். மூக்குக்குக் கீழே மூச்சுக்கு இரண்டு துளை. நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பஞ்சுத் துண்டு ஒட்டி, முகமூடி தோலிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தள்ளி நிற்கச் செய்யுங்கள். இல்லையென்றால் வியர்வையில் கடதாசி இளகும். இரண்டு பக்கத்துக்கும் ஒரு இலாஸ்ரிக் மட்டும் போட்டால் மூக்கு கீழே இறங்கும், உச்சந்தலைக்கு மேலால் இன்னொன்று வேண்டும். மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ரே பூச வேண்டும். மினுங்கும் பெயின்ரில் மேடை விளக்கு தெறித்து, முகமே தெரியாது.

இந்த முகமூடிகளின் தாய்வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பாசலுக்குப் போங்கள். சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு நகர விளக்குகள் அணைய, ஃபஸ்நாக்ட் தொடங்கி 72 மணி நேரம் நடக்கும். யுனெஸ்கோ பட்டியலில் 2017இல் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் சிறுவருக்கான நாளான செவ்வாய் பின்னேரம் போங்கள். அங்கே பார்க்க வருபவர்கள் முகத்தில் நிறம் பூசுவதோ வேடம் போடுவதோ இல்லை, ஆகவே பிள்ளைகளை வேடமிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். சட்டையில் குத்தும் உலோகச் சின்னமான பிளகெட்டே ஒன்றை வாங்கிக் குத்துங்கள். அந்தப் பணம் குழுக்களுக்குப் போகிறது. நிலத்தில் கிடக்கும் நிறத்தாள் துணுக்குகளைப் பிள்ளைகள் அள்ளி எறிய விடவேண்டாம், அது அங்கே மரியாதைக் குறைவு. வலே மாநிலத்து லோட்ஷன்டாலின் மரமுகமூடிகள் வேறு வகை: ஆட்டுத்தோல் போர்த்து இருட்டில் ஆட்களைத் துரத்துபவை. அதைப் பார்க்கப் பிள்ளைகள் பத்து வயது தாண்டட்டும்.

முகமூடி காய்ந்ததும் பிள்ளைகள் அதைப் போட்டு ஓடித் திரியத்தான் பார்ப்பார்கள். அதற்கு முதல் ஒரே பயிற்சி: ஒரு வாங்கில் இருவர், நடுவில் ஒரு தோடம்பழம். இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பி முகமூடியைப் போட்டுக்கொண்டு வரட்டும். ஒருவர் பழத்தைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்க்கும் வரை மற்றவர் அசையக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், உள்ளே வெக்கை கூடிவிடும்.