டாக்டருக்குச் சொல்வதற்கு முன்னால்

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வை எழுதப் போகும் நம்ம மதுரை நர்ஸ் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விடைகளில் 'டாக்டருக்குத் தெரிவிக்கவும்' என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், மற்ற மூன்றையும் படிக்காமலே அதைத் தொட்டுவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வார்டுக்குள் வந்த முதல் நாளிலிருந்து எங்களை மாதிரி சீனியர்கள் சொல்லிக்கொடுப்பதே அதுதானே: எதுவானாலும் டியூட்டி டாக்டரிடம் சொல்லு, நீயாக எதையும் செய்யாதே.

2023 ஏப்ரலில் இந்தத் தேர்வு மாறியதிலிருந்து கேஸ் ஸ்டடி வருகிறது, ஒரு நோயாளி, அவரைப் பற்றி ஆறு கேள்வி. எது கண்ணில் பட்டது, அதற்கு என்ன அர்த்தம், எது முதலில், என்ன செய்யலாம், செய், செய்தது பலித்ததா பார். இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பயனில்லை.

ரத்தம் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகிறது, குளிர் நடுக்கம், இடுப்பு வலி, காய்ச்சல். டாக்டரை நீங்கள் தேடிப் பிடிக்கும் வரை, ஒத்துக்கொள்ளாத அந்த ரத்தம் உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முதலில் அதை நிறுத்த வேண்டும், புது ட்யூப் மாட்டி நார்மல் சலைன் போட வேண்டும், அப்புறம்தான் போன். (பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அது பிளட் பேங்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.) பிரசவம் முடிந்த பெண்ணுக்கு உதிரப்போக்கு அதிகம், கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று இருக்கிறது என்றாலும் அதே கதைதான், கை முதலில் வயிற்றுக்குப் போய் மசாஜ் கொடுக்க வேண்டும். கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் மூத்திரப்பை நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், அதையும் காலி செய்ய வைக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாத பிள்ளைகள் இல்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்பேன். தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தார், இமை பாதி மூடிக்கிடக்கிறது, கடித்த தடம் எதுவும் இல்லை, என்ன? "கட்டுவிரியன்க்கா" என்று நான் முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். சரி, டாக்டர் வரும் வரை என்ன செய்வாய் என்றால் பதில் இப்படி வரும்: மூச்சை எண்ணுவேன், ஒரே மூச்சில் எதுவரைக்கும் எண்ண முடிகிறது என்று சொல்லச் சொல்லிப் பார்ப்பேன், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், எச்சிலை உறிஞ்சும் சக்ஷனும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேகும் பக்கத்தில் எடுத்து வைப்பேன். அருமையாகச் சொல்கிற அதே பிள்ளை, அடுத்த கேள்வி ஆங்கிலத்தில் திரையில் வந்ததும் மறுபடி 'டாக்டருக்குத் தெரிவிக்கவும்' என்கிறது!

அதற்காக அந்த விடை எப்போதும் தப்பு என்று எழுதிவைத்துக்கொள்வதும் வம்புதான், சில கோச்சிங்கில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலில் மாவுக்கட்டு போட்டவர், வலி ஊசி போட்டும் வலி குறையவில்லை, விரலை லேசாக நீட்டினாலே கத்துகிறார், விரல் மரத்துப்போகிறது என்று கேள்வியிலேயே எல்லாம் வந்துவிட்டது: கட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது. இன்னும் ஒருமுறை பல்ஸ் பார்ப்பது, தலையணை வைத்துக் காலை உயரத் தூக்குவது எல்லாம் நேரத்தை வீணாக்கும், தூக்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். இங்கே உடனே கூப்பிட வேண்டியதுதான். ஆகவே நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டதா? ஆபத்தைக் குறைக்க, நர்ஸாக என் கையால் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் டாக்டர்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன புரியும்? காலையில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், இரண்டு மணிக்கு பல்ஸ் 88, இப்போது 122, பிபி இன்னும் இறங்கவில்லை, கை ஜில்லென்று இருக்கிறது, யூரின் குறைந்துவிட்டது, ரத்தக் கசிவோ என்று சந்தேகப்படுகிறேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும். இப்படிச் சொன்னால் தூக்கத்தில் இருப்பவரும் எழுந்து வருவார். மூச்சு எவ்வளவு என்று அவர் நிச்சயம் கேட்பார். கேஸ் ஷீட்டில் வார்டு முழுக்க எல்லாருக்கும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்லாமல், ஒரு நிமிடம் முழுசாக நின்று எண்ணிவிட்டுப் போனை எடுங்கள்.