கூரை வெட்டிய மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து உப்புக் காற்றும்

இரும்புக் கூரைக்குப் பதில் மடிக்கும் துணி ஹூட் போட்ட திறந்த மொறிஸ் மைனர் கார் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் முதலில் ஹூட்டை மடித்துப் பார்க்கிறார்கள், பிறகு பெயின்றைத் தடவிப் பார்க்கிறார்கள். இரண்டும் காசு கொடுத்தால் மாற்றக்கூடியவை. பார்க்கவேண்டிய இடம் கதவுக்குக் கீழே இருக்கிறது. மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடம்புத் தகரமே சட்டகம். நிலையான கூரையுள்ள சலூனில் பாரத்தின் ஒரு பங்கைக் கூரை சுமக்கிறது. கூரை போனபின் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது, இரு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியும் தரையும்தான். அந்தப் பெட்டியைக் கறள் தின்றிருந்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு பூட்டாது, பள்ளத்தில் இறங்கும்போது முன்கண்ணாடிச் சட்டம் ஆடும்.

கம்பனி செய்த திறந்த மைனர் 1948இல் சலூனோடு சேர்ந்தே வந்தது. 1969 வரை செய்தார்கள். எல்லாம் இரண்டு கதவு வண்டிகள். 1951இல் பின்சீற்றின் பக்க ஜன்னல்களுக்கு நிலையான கண்ணாடி வந்தது. அதற்கு முந்தியவற்றில் கழற்றி வைக்கும் பக்கத்திரைதான். ஓடுகிற மற்றத் திறந்த மைனர்கள் இரண்டு கதவுச் சலூனை வாங்கி, மாற்றுக் கிற் (மாற்றத்துக்கான பாகத்தொகுதி) பொருத்தித் திறந்தவை. அதில் குற்றமில்லை. ஒழுங்கான கிற்றில் ஹூட்டின் இரும்புச் சட்டம், முன்கண்ணாடிக்கு மேலே வரும் மரக்கட்டை, ஹூட் துணி ஆகியவற்றோடு வலுவூட்டும் தகடுகளும் வரும். சிக்கல் என்னவென்றால், துணியையும் சட்டத்தையும் மட்டும் பொருத்திவிட்டுத் தகடுகளைப் போடாமல் விட்ட வண்டிகளும் ஓடுகின்றன.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தரை விரிப்பைத் தூக்குங்கள். கதவடிப் பெட்டியின் உள்பக்கமாக, கால் வைக்கும் சரிவுத் தகட்டிலிருந்து பின்சீற்றின் முன்விளிம்பு வரை ஒரே நீளமாக இன்னொரு தகடு ஒட்டியிருக்கவேண்டும். டாஷ் பலகைக்குக் கீழே இரு மூலையிலும் முக்கோணத் தகடு. கதவின் பின்தூண் வெட்டிய இடத்திலும் தடித்த தகடு. இவை இல்லையென்றால் அது ஹூட் போட்ட சலூன், அவ்வளவுதான். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கவேண்டாம். நாலு கதவு மைனரைத் திறந்து வைத்திருந்தால் பார்க்கவே தேவையில்லை. நடுத்தூணுக்கு மேலே பிடி இல்லாமல் நாலு கதவை நிறுத்துவது கஷ்டம். கம்பனியே நாலு கதவில் திறந்த மைனர் செய்ததில்லை.

இன்னொரு சோதனை: கதவு பூட்டியிருக்கும்போது அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு ஜக் போடும் இடத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து பூட்டுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு கொளுவினாலோ பெட்டிக்குள் ஒன்றுமில்லை. ஜக் உள்ளே புதைந்தால் பேச்சே வேண்டாம். பட்டி பூசி மறைத்த இடத்துக்கு ஒரு சின்னக் காந்தம் போதும்.

சலூனையே திறக்கப் போகிறவர்களுக்கு ஒழுங்குமுறைதான் எல்லாம். கூரை கடைசி. முதலில் கறள் பிடித்த தகரம் முழுவதையும் வெட்டி எறிந்து புதுத் தகரம் ஒட்டவேண்டும். கறளுக்கு மேல் தகடு வைத்து ஒட்டுவது யாழ்ப்பாணத்தில் இரண்டு மாரிக்குமேல் தாங்காது. அடுத்து வலுவூட்டும் தகடுகள். இதெல்லாம் கூரை இருக்கும்போதே, வண்டி தன் நாலு சில்லிலும் அல்லது அச்சுகளுக்குக் கீழே வைத்த தாங்கிகளிலும் மட்டமாக நிற்கும்போதே நடக்கவேண்டும். நடுவில் ஜக் கொடுத்து ஒட்டினால் வளைந்த வண்டி வளைந்தபடியே இறுகிவிடும். தகடு ஒட்டியபின் ஒவ்வொரு கதவு வாசலிலும், முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாயைத் தற்காலிகமாக ஒட்டி, அதன்பிறகுதான் வெட்டும் சில்லைக் கூரையில் வைக்கவேண்டும். வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று மாறிமாறிப் போட்டால் சூட்டில் தகரம் இழுபடாது. பதிவுப் புத்தகத்தில் உடலமைப்பு என்ன என்று இருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் வெட்டமுன்னம் கேட்டுக்கொள்வது நல்லது. வெட்டியபின் கேட்டால் கூரை திரும்பி வராது.

இனி உப்பு. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கமும், பொன்னாலையால் காரைநகர்ப் பக்கமும் போகும் கடல்வழிப் பாதைகள் திறந்த வண்டிக்கென்றே போட்டவை போலத்தான் இருக்கின்றன. அவைதான் வண்டியைத் தின்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் தூவானம் பாதையைத் தாண்டி அடிக்கும். அன்றைக்கே கழுவவேண்டும், மேலே மட்டுமல்ல, அடியிலும். அதுவும் நல்ல தண்ணீரால். தீவுப்பகுதியில் பல கிணறுகள் சவர். அங்கே நின்று வாளியால் ஊற்றிக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. பின்வில் தகடுகள் பூட்டியிருக்கும் இடம், முன் குறுக்குச் சட்டத்தின் இரு முனை, பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் இருக்கும் சட்டப் பெட்டி, ஜக் போடும் இடம், இந்த நாலுக்கும் குழாயை நீட்டிப் பிடியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்கமுன் புரட்டாதியில், கதவடிப் பெட்டிக்குள் மெழுகு எண்ணெய் அடிக்கவேண்டும். அடிக்கமுன் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றுவது மலிவுதான், ஆனால் அது ரப்பர் புஷ்களைத் தின்னும், நிலத்திலும் வடியும்.

கழுவ நல்ல கிணற்றுத் தண்ணீர் சரி, றேடியேற்றருக்குச் சரியில்லை. சுண்ணக்கல்லில் ஊறி வரும் தண்ணீர் கேத்திலுக்குள் கல் படிய வைப்பதை எல்லா வீட்டிலும் காணலாம். அதே கல் எஞ்சின் உடம்புக்குள்ளும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. முதலில் அடைவது நாலாவது சிலிண்டரைச் சுற்றிய பகுதி, ஏனென்றால் பம்பிலிருந்து தூரம் அதற்குத்தான். சூடேறுகிறது என்று பம்பையும் காற்றாடியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அடைப்பு உள்ளே இருக்கும். கொள்ளளவு ஏறக்குறைய 5.5 லீற்றர்தான். வடித்த தண்ணீரும் கூலன்றும் கலந்து ஊற்ற அவ்வளவு செலவில்லை. உறைபனிக்கு வேலையில்லாத ஊரென்றாலும் கூலன்ற் வேண்டும், கறளைத் தடுப்பதற்காக. தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது இங்கே பழக்கமாகிவிட்டது. கழற்றாமல் 74 பாகையில் திறக்கும் ஒன்றைப் போடுங்கள். றேடியேற்றர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்துக்கானது. அதைவிடக் கூடிய அழுத்த மூடி போட்டால் பழைய றேடியேற்றரின் ஈயப் பொருத்துகள் பிரியும்.

மைனரில் ஆளைக் கொல்லக்கூடிய பாகம் ஒன்று உண்டென்றால் அது முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டு. ஒவ்வொரு பக்கமும் மேலொன்று, கீழொன்று. நிற்கும் தூணின் இரு முனையிலும் மரை வெட்டியிருக்கும், அந்த மரையில்தான் சில்லு திரும்புகிறது, பாரமும் அதில்தான். கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்மூட்டு கழன்று, சில்லு வெளிப்பக்கமாக மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பார்கள், அதை நம்பி இருக்கமுடியாது. 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடியுங்கள். மணல் பாதையில் ஓடுகிறவர்கள் அதற்கும் முந்தி. அடிக்கும்போது சில்லு நிலத்தில் நிற்கக்கூடாது. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிப் பாரத்தை எடுத்தால்தான் மரையின் தேயும் பக்கத்துக்குள் கிறீஸ் இறங்கும். பழைய கிறீஸ் கறுப்பாகப் பிதுங்கிப் புதியது வரும்வரை அடிக்கவேண்டும். பிதுங்கவில்லையென்றால் கிறீஸ் ஏற்றும் நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றி மாற்றுங்கள். அப்படியே சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தூணில் மேல்கீழ் ஆட்டம் தெரிந்தால் அந்த மூட்டை அடுத்த ஓட்டத்துக்குமுன் மாற்றவேண்டும்.

எஞ்சின் பகுதி சுகமானது. 1952இல் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1,098, எல்லாம் ஏ-சீரிஸ் குடும்பம். ஒஸ்ரின் ஏ30, ஏ35, எம்.ஜி. மிட்ஜெற் ஆகியவற்றிலும் இதே குடும்பம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பேர்போன ஏ40 சோமர்செற்றின் 1,200 சி.சி. எஞ்சின் வேறு. ‘எல்லாம் ஒஸ்ரின்தானே’ என்று அதன் சாமானை இதில் போடப் பார்க்காதீர்கள். இங்கேயே இருந்த வண்டி என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவை இவை. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலைக் கரைக்கும். றிங்கும் பெயாரிங்கும் அதனால் தேயும். பிறகு திருத்தியிருக்கலாம், திருத்தாமலும் இருக்கலாம். பெரும்பாலான மைனர்களில் ஒயில் அழுத்தத்துக்கு ஒரு விளக்கு மட்டுமே உண்டு, அது எரியும்போது காலம் கடந்துவிடும். அளவுமானி ஒன்றைப் பொருத்துங்கள்: சூடான எஞ்சின் ஓட்டத்தில் 60 இறாத்தல், நின்று இரையும்போது 15 காட்டினால் சுகம். ஒயில் 20டபிள்யூ-50, வடிகட்டியோடு சேர்த்து 3.7 லீற்றர். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், பிளக் 0.025, பொயின்ற் 0.015. ஈயமில்லாத பெற்றோலில் வேகமாக ஓடினால் பழைய சிலிண்டர் தலையின் எக்சோஸ்ற் வால்வு இருக்கைகள் மெல்ல உள்ளே தேயும். இடைவெளி கூடாமல் குறைந்துகொண்டே வருவதுதான் அடையாளம். தலையைக் கழற்றும் தருணத்தில் கடின உலோக வளையம் அடித்துக்கொண்டால் போதும், அதற்காகவே கழற்றத் தேவையில்லை.

மத்தியான வெயிலில் ஓடி நிறுத்திய வண்டி பத்து நிமிடத்தில் ஸ்ராற் ஆகாவிட்டால் பயப்படாதீர்கள். காபறேற்றரின் மிதவைக் கிண்ணம் எக்சோஸ்ற் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் பெற்றோல் கொதிக்கிறது. பொனற்றைத் திறந்து விடுங்கள், சோக் இழுக்காதீர்கள், அக்சிலரேற்றரைப் பாதிவரை மிதித்துப் பிடித்துச் சுழற்றுங்கள். இடையில் ஒரு அலுமினியத் தடுப்புத் தகடு வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

பிறேக் நாலும் டிரம், நாலுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சட்டப் பெட்டிக்குள். எண்ணெய் பார்க்க விரிப்பைத் தூக்கவேண்டும் என்பதாலேயே ஒருவரும் பார்ப்பதில்லை. திறந்த வண்டியில் மழைத் தண்ணீரும் அந்த மூடிக்கு மேலேதான் நிற்கும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஆகையால் வருடாவருடம் மாற்றுங்கள். பிறேக்கைச் சரிசெய்ய முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு, பின்சில்லுக்கு ஒன்று: சில்லு இறுகும்வரை முறுக்கி, ஒரு பல் பின்னுக்கு விடவேண்டும்.

ஹூட்டைக் குஷன் கடைகளில் தைப்பார்கள். துணியின் தரம் முக்கியம்தான், நூல் அதைவிட முக்கியம். பருத்தி நூல் வெயிலில் இற்றுத் தையல் விடும், பொலியெஸ்ரர் நூல் கேளுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரு கிழமையில் பூஞ்சணம். பின்பக்க நெகிழித் திரையை மடிக்கும்போது இடையில் பழைய சாரத்துண்டு ஒன்றை வைத்தால் கீறாது. தரையில் கம்பளம் வேண்டாம், தும்பு விரிப்பும் வேண்டாம், இரண்டும் தண்ணீர் குடிக்கும். ரப்பர் விரிப்புப் போதும். மாரியில் தரையின் ரப்பர் அடைப்புகளைக் கழற்றி வைத்தால் தண்ணீர் தானே போகும். ஆடி ஆவணியில் பனைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். பனம்பழம் ஹூட்டைக் கிழித்துக்கொண்டு சீற்றில்தான் வந்து இருக்கும்.

ஓட்டுவதில் பெரிய வித்தை இல்லை. 1,098 சி.சி. எஞ்சினின் 48 குதிரைவலு, ஏறக்குறைய 750 கிலோவை 70–80 கிலோமீற்றர் வேகத்தில் சிரமமில்லாமல் கொண்டுபோகும். முதல் கியருக்கு ஒத்திசைவு (சிங்க்ரோமெஷ்) இல்லாததால் வண்டி முற்றாக நின்றபின்தான் போடவேண்டும், அல்லது கிளச்சை இரண்டுதரம் மிதிக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஸ்ரியரிங் றாக் வகை. அந்தக் காலத்து மற்ற வண்டிகளில் இருக்கும் தொளதொளப்பு இதில் இல்லை, வளைவில் நினைத்த இடத்துக்குப் போகும். ரயர் 5.20-14 அல்லது 145 றேடியல், காற்று 22 முதல் 24 இறாத்தல். ஏ9 வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது தூரம் விடுங்கள். பிறேக்குக்காக மட்டுமல்ல, கல் தெறித்தால் தடுக்க ஒன்றுமில்லை.

சாமானுக்குக் கவலைப்படத் தேவையில்லை. பிரிட்டனில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் சென்ரர் 1990களில் இந்த வண்டிக்கான தகரங்களை இலங்கையிலேயே செய்வித்து அங்கே கொண்டுபோய் விற்றது. டிக்கியில் எப்போதும் இருக்கவேண்டியவை: பொயின்ற், கண்டென்சர், றோட்டர், காற்றாடி பெல்ற், மேல் ஹோஸ் ஒன்று, இரண்டு லீற்றர் வடித்த தண்ணீர். கண்டென்சரைப் புதிதாக வாங்கினால் முதலில் வண்டியில் பொருத்தி ஓடிப் பார்த்துவிட்டு, நன்றாக வேலை செய்த பழையதைக் கழற்றி டிக்கியில் வையுங்கள். இப்போது வருகிற புதியவற்றை அவ்வளவு நம்ப முடியாது.