கப்பல் ஏறுமுன் ஸ்ப்ளிட்

குரோவேஷியாவில் தீவு தீவாகப் போகும் சிறு கப்பல் பயணத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "காலையில் ஸ்ப்ளிட்டில் இறங்கி மதியமே கப்பல் ஏறிவிடலாம் அல்லவா?" ஏறிவிடலாம். விமான நிலையத்திலிருந்து துறைமுகம் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் துறைமுகத்துக்கு எதிரிலேயே கொண்டு வந்து விடுகிறது. ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கப்பலில் ஏறிய பிறகு நேரம் கேப்டனுடையது. எந்தத் தீவில் எத்தனை மணிக்குக் கரையேறுவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவர் வகுத்த கணக்கு. ஏறுவதற்கு முந்தைய நாட்கள் மட்டுமே முழுக்க நம்முடையவை. அவற்றைச் செலவழிக்க ஸ்ப்ளிட்டைவிட நல்ல ஊர் அந்தக் கரையில் இல்லை என்பது என் கட்சி.

நானும் மதினியும் செப்டம்பரில் போனோம். அண்ணனுக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது, வீட்டில் இருந்துகொண்டார். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, ஐரோப்பாவில் எங்காவது மாறித்தான் போக வேண்டும். 2023 ஜனவரி முதல் குரோவேஷியா ஷெங்கன் நாடுகளோடு சேர்ந்துவிட்டது, யூரோவும் வந்துவிட்டது. ஒரே விசா, ஒரே பணம். பழைய பயணக் குறிப்புகளில் வரும் குனா நாணயக் கணக்கை நீங்கள் மறந்துவிடலாம்.

ஸ்ப்ளிட்டின் பழைய ஊர் ஓர் அரண்மனைக்குள் இருக்கிறது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்கென்று கடலோரத்தில் கட்டிக்கொண்ட அரண்மனை அது. 305இல் தாமாகவே ஆட்சியைத் துறந்து இங்கே வந்து தங்கினார். மறுபடியும் ஆட்சிக்கு வாருங்கள் என்று அழைத்தவர்களிடம், நான் என் கையால் நட்ட காய்கறிகளைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று சொல்லியனுப்பினார் என்பது பழைய கதை. வங்கி வேலையை முடித்துவிட்டு மாடியில் கத்தரியும் வெண்டையும் போடுகிற எனக்கு அந்தப் பேரரசரை அந்த ஒரு பேச்சுக்காகவே பிடித்துப்போனது.

பேரரசர் போன பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் சிறப்பு. ஏழாம் நூற்றாண்டில் அவார், ஸ்லாவ் படையெடுப்பில் பக்கத்து நகரமான சலோனா அழிந்தபோது, உயிர் தப்பிய மக்கள் இந்த மதிலுக்குள் வந்து ஒண்டினார்கள். அவர்களுக்குப் பின் அந்த இடம் காலியாகவே இல்லை. இன்றும் ரோமத் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலில் துணி காய்கிறது. கீழே வங்கி, செருப்புக் கடை, ஐஸ்கிரீம் கடை. யுனெஸ்கோ 1979இலேயே இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்துவிட்டது. அதற்காக யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. பாதுகாக்கிறோம் என்று சொல்லி ஆட்களை வெளியேற்றிக் கம்பி வேலி போட்ட எத்தனையோ இடங்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பாட்டிமார் காய்கறிப் பையோடு அரண்மனை வாசலில் நுழைந்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காட்சிக்கு முன்னால் எந்தக் காட்சியகமும் எனக்குப் பெரிதில்லை.

நடு முற்றத்துக்குப் பெரிஸ்டைல் என்று பெயர். அதன் ஒரு பக்கம் கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று படுத்திருக்கிறது. டயோக்ளீஷியன் எகிப்திலிருந்து கொண்டுவந்தது. அவர் கைக்கு வந்தபோதே அதற்கு வயது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, இப்போது ஏறத்தாழ 3,500. கிட்டே போய்ப் பாருங்கள். சிங்க உடலாக இருந்தும் முன்புறம் பாதங்கள் இல்லை. மனிதக் கைகள், அந்தக் கைகளில் படையலுக்கான ஒரு பாத்திரம். மதினி அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "யாருக்கோ கொடுப்பதற்காக இத்தனை காலமாக ஏந்திக்கொண்டே இருக்கிறது" என்றார். சற்று தள்ளி, பழைய ஜூபிடர் கோயில் வாசலில் இருக்கும் ஸ்பிங்க்ஸுக்குத் தலை இல்லை.

முற்றத்தை ஒட்டிய எண்கோண மண்டபம் பேரரசர் தமக்கென்று கட்டிய சமாதி. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடியவர் அவர். அவர் காலத்தில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸின் பெயரில் அதே மண்டபம் பேராலயமாகிவிட்டது. பேரரசரின் கல்பேழை இப்போது அங்கே இல்லை. பேராலயத்தின் மரக் கதவுகளைத் தவறவிடாதீர்கள். ஆந்த்ரியா புவினா என்ற கலைஞர் 1214இல் செதுக்கியவை. கிறிஸ்துவின் வாழ்க்கை 28 கட்டங்களில்.

நிலவறைக் கூடங்களுக்குத் தனி டிக்கெட். மேலே பேரரசரின் அறைகள் எப்படி அமைந்திருந்தனவோ அதே அமைப்பில்தான் கீழே இந்தக் கூடங்களும் இருக்கின்றன. மேலே உள்ள அறைகள் பெரும்பாலும் போய்விட்டன. கீழே உள்ளவை தப்பியதற்குக் காரணம் குப்பை. நூற்றாண்டுக்கணக்காக மேல்வீட்டுக்காரர்கள் கழிவை எல்லாம் துளை வழியே கீழே கொட்டிக் கொட்டிக் கூடங்கள் நிரம்பிப் போயின. இருபதாம் நூற்றாண்டில் தோண்டி அள்ளிய பிறகுதான் இந்தக் கற்கட்டு வெளியே தெரிந்தது.

பெரிய சொகுசுக் கப்பல்களும் ஸ்ப்ளிட்டுக்கு வருகின்றன. அவை வரும் நாட்களில் பத்து மணி முதல் நான்கு மணி வரை முற்றத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஊருக்குள்ளேயே தங்குபவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கல் தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போங்கள். இல்லையென்றால் இரவில் போங்கள். முற்றத்துக்குத் தெற்கே கூரை திறந்த வட்ட மண்டபம் ஒன்று உண்டு. அங்கே ஆண்கள் சிலர் வாத்தியமில்லாமல் கிளாப்பா பாடுகிறார்கள். பல குரல்கள் ஒன்றோடொன்று இழையும் கடற்கரைப் பாட்டு அது. சுவரில் முட்டித் திரும்பும் ஒலி நெஞ்சுக்குள் அதிர்கிறது. காதல் பாட்டா, ஊரைப் பிரிந்த பாட்டா என்று எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இனிச் சாப்பாடு. நான் தூத்துக்குடிக்காரி. எந்த ஊருக்குப் போனாலும் மீன் கடையைப் பார்க்காமல் அந்த ஊரைப் பற்றிப் பேச மாட்டேன். ஸ்ப்ளிட்டின் மீன் சந்தை ஊர் நடுவில், கந்தக ஊற்றுக் குளியல் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவில் நுழைந்ததுமே கந்தக நெடி வருகிறது. அதனால்தான் இங்கே ஈ மொய்ப்பதில்லை என்கிறார்கள். நான் பார்த்தவரை ஈ இல்லை. கல் மேடைகளில் சாளை, நெத்திலி, நவரை, கணவாய், ஆக்டோபஸ். விற்பவர்களில் பெண்களும் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்க நான் கை நீட்டியபோது, விற்ற அம்மா தாமே தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. மொழி தெரியாவிட்டாலும் நாங்கள் இருவரும் ஒரே தொழில் பேச்சுதான் பேசினோம்.

உணவகங்களில் முழு மீனை எடைக்குத்தான் விற்பார்கள். விலைப்பட்டியலில் இருப்பது ஒரு கிலோவுக்கான விலை. தட்டில் கொண்டுவந்து காட்டும்போதே எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிறு கப்பல்களில் பெரும்பாலும் காலை உணவும் மதிய உணவும் மட்டுமே தருகிறார்கள், இரவுச் சாப்பாடு நாம் இறங்கும் தீவில் நம் செலவு. ஸ்ப்ளிட்டிலேயே இதைப் பழகிக்கொண்டால் ஹ்வாரிலும் கோர்ச்சுலாவிலும் திகைக்க வேண்டியதில்லை.

கறுப்பு ரிசோட்டோ கட்டாயம் சாப்பிட வேண்டும். கணவாயின் மையிலேயே வேகவைத்த அரிசி. எங்கள் வீட்டில் கணவாய் சுத்தம் செய்யும்போது மைப்பையை உடையாமல் எடுத்துத் தூர எறிவதுதான் கைத்திறன். இங்கே அதையே பத்திரமாக எடுத்து வெங்காயம், பூண்டு, ஒயினோடு சோற்றில் கலக்கிறார்கள். தட்டு வந்தபோது தார் நிறம், கடல் வாசம், ஒரு மெல்லிய இனிப்பு. உதடும் பல்லும் கறுத்துவிடும்; பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கும் கறுத்துத்தான் இருந்தது.

பேக்கா என்றொரு சமையல் இருக்கிறது. அதை முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும். ஸ்ப்ளிட்டில் கூடுதலாக ஒரு நாளாவது தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது பெரிய காரணம். ஆக்டோபஸ், எங்கள் பக்கம் பேய்க்கணவாய் என்போம், அதைத் தட்டில் வைத்து உருளைக்கிழங்கு, கேரட், ரோஸ்மேரி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, மணி வடிவ இரும்பு மூடியால் மூடி, மூடியின்மேல் தணலை அள்ளிக் குவிக்கிறார்கள். அவசரப்படுத்த முடியாது. பழைய மீனவர் குடியிருப்பான வரோஷ் பகுதியில் ஒரு சிறு உணவகத்தில் சாப்பிட்டோம். ஆக்டோபஸ் முள்கரண்டி பட்டதும் விண்டு வந்தது. அதைவிட அருமை அதன் சாறு குடித்து விளிம்பு முறுகிப் போன உருளைக்கிழங்கு. அதை மதினி சாப்பிட முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

மதினி சுத்த சைவம். அவர் பட்டினி கிடப்பார் என்று பயந்துதான் பொடி வகைகளைக் கட்டிக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. பக்கத்து மலைப்பகுதியான போல்யிட்சாவின் சோபார்னிக் அவரைக் காப்பாற்றியது. மெல்லிய மாவு இரண்டு அடுக்கு, நடுவில் பொடியாக நறுக்கிய பிளிட்வா என்ற கீரை, வெங்காயம், உப்பு. அடுப்புக் கல்லில் வைத்து மேலே தணலைப் பரப்பிச் சுட்டு, சாம்பலைத் தட்டிவிட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவி, சாய்சதுரமாக வெட்டித் தருகிறார்கள். "நம் முருங்கைக்கீரை அடையைத் தட்டையாக்கியது மாதிரி இருக்கிறது" என்று சொல்லி இன்னொரு துண்டு கேட்டார். அதே கீரையை உருளைக்கிழங்கோடு மசித்தும் தருவார்கள். குடிதண்ணீருக்குக் குழாயே போதும். அன்று ரோமக் கால்வாய் வழியாக அரண்மனைக்கு வந்த யாத்ரோ ஆற்று நீர்தான் இன்றும் ஊருக்கு வருகிறது.

மார்யான் குன்று 178 மீட்டர். காலையில் ஏறினால் பைன் மர நிழல் இருக்கும், மேலிருந்து தீவுகள் தெரியும். வடக்கு வாசலுக்கு வெளியே ஆயர் கிர்குர் நின்ஸ்கியின் பெரிய சிலை, 1929இல் இவான் மெஷ்ட்ரோவிச் செய்தது. அதன் கால் கட்டைவிரலைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று எல்லாரும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். தொட்டோம், நகர்ந்தோம்.

பாச்விட்ஸே கடற்கரையில்தான் எங்களால் நகர முடியவில்லை. முழங்கால்கூட நனையாத ஆழத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்று ஒரு சின்னப் பந்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி, தண்ணீரில் விழாமல் காக்கிறார்கள். பிட்சிகின் என்று பெயர். மேல் தோலை உரித்த டென்னிஸ் பந்து. புள்ளி இல்லை, எதிரணி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. தலை நரைத்த ஒருவர் பந்தைப் பிடிக்கக் கிடைமட்டமாகப் பாய்ந்து விழுந்தார். பந்து தப்பியது, கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். விளையாட்டை இவ்வளவு தூய்மையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அரண்மனையின் கிழக்கு மதிலுக்கு வெளியே உள்ள பசார் சந்தையில் ஒரு பெட்டி அத்திப்பழம் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தோம். ஏழெட்டு நிமிட நடைதான். முப்பது, நாற்பது பேர் ஏறும் இந்தக் கப்பல்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். வெளியே நிற்கும் கப்பலுக்குப் போக மற்றக் கப்பல்களின் தளத்தைக் கடந்துதான் போக வேண்டும். எங்களுடையது மூன்றாவது. ஆகவே சக்கரம் வைத்த கனமான பெட்டி வேண்டாம், தூக்கக்கூடிய துணிப்பை போதும். அறையும் சிறிது, துணிப்பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மதிய உணவு மேசையில் எங்களோடு உட்கார்ந்தவர்கள் அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். ஸ்ப்ளிட் எப்படி என்று கேட்டார்கள். மதினி அத்திப்பழப் பெட்டியைத் திறந்து அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு, ஸ்பிங்க்ஸின் கைகளிலிருந்து ஆரம்பித்தார்.