வித்தும் கயிறும்

கொழும்பில் காணி வாங்குவோரும் விற்போரும் பேர்ச்சஸ் என்னும் ஆங்கில நில அளவுக் கணக்கிலேயே பேசுகிறார்கள். வெள்ளவத்தையில் குடியிருக்கும் எங்களிற் பலரிடம் உள்ள யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளோ (நிலப் பத்திரங்களோ) பரப்பு, குழி என்று அளவைச் சொல்வதோடு, அது வரகு நிலமா நெல் வயலா என்பதையும் சேர்த்தே குறிக்கின்றன. இதை வழக்கொழிய வேண்டிய முறை என்பாரோடு நான் உடன்படுவதில்லை, ஏனெனில் நிலத்தைப் பயிரோடு சேர்த்து அளக்கும் எண்ணம் மிகத் தொன்மையானது.

விதைக்கும் வித்தின் அளவால் வயலைக் குறிப்பதற்குப் பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்திலேயே விதி இருக்கிறது. குப்தர் காலத்து வங்காளத்தில் குல்யவாபம், துரோணவாபம் என்று, அதாவது ஒரு குல்யம் அல்லது ஒரு துரோணம் வித்து விதைக்கும் நிலம் என்று, வித்தின் அளவாலேயே நிலம் விற்கப்பட்டது. கி.பி. 479ஆம் ஆண்டின் பகார்ப்பூர்ச் செப்பேட்டில், ஓர் அந்தணத் தம்பதியர் ஒன்றரைக் குல்யவாப நிலத்தை மூன்று தீனாரம் என்னும் பொற்காசு கொடுத்து வாங்கிச் சமணப் பள்ளிக்கு வழங்கியிருக்கிறார்கள்.

வரி வாங்கும் அரசுக்கோ கோலும் கயிறும் வேண்டியிருந்தன. அர்த்தசாத்திரம் தண்டம் என்னும் அளவுகோல் பத்தை ஒரு கயிறாகவும், பக்கத்துக்கு மூன்று கயிறு கொண்ட நிலத்தை நிவர்த்தனமாகவும் வகுக்கிறது. ஆனால் கயிறு பிடிப்பவரின் மனச்சுமையைக் புத்தரின் முற்பிறப்புக் கதைகளுள் ஒன்றான குருதம்ம ஜாதகத்தைப் போல் எந்தச் சட்டநூலும் எனக்கு உணர்த்தியதில்லை. கயிற்றின் ஒரு முனையை நிலத்துக்காரர் பிடித்திருக்க, மறுமுனையைப் பிடித்த அமைச்சரின் கோல் ஒரு நண்டு வளையின் வாயில் வந்து நிற்கிறது. அப்பால் ஊன்றினால் அரசனுக்கு நட்டம், இப்பால் ஊன்றினால் உழவனுக்கு நட்டம், வளைக்குள் ஊன்றினால் நண்டு சாகும். உள்ளே நண்டு இருந்தால் வெளிப்பட்டிருக்கும் என்று எண்ணி அவர் வளைக்குள்ளேயே ஊன்றுகிறார். உள்ளிருந்து நண்டின் ஒலி கேட்கிறது. தம் ஒழுக்கம் குறைபட்டதோ என்ற வருத்தம் பின்னர் அவரை விடவில்லை. ஒரு கோல் நுனியளவு நிலத்துக்காக இப்படிக் கலங்கியவரையே நான் நல்ல அதிகாரி என்பேன்.

சோழ நாட்டில் அந்தக் கவலை கணக்காகவே மாறியது. முதலாம் இராசராசன் காலத்தில் வேலி என்னும் நில அளவை 320ஆகப் பகுத்த முந்திரி என்னும் பின்னத்தையும், அதற்குக் கீழ்ப்பட்ட நுண்பின்னங்களையும் கூடக் கணக்கில் சேர்த்தார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை இறையிலியாக (வரியற்ற நிலமாக) கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி விதித்ததைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஊர் ஊராகக் காட்டுகின்றன.