இடது சேனல்

நவம்பர் 8, 2023

இடது காது இன்னும் அடைத்தே இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வலப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தேன். அழுக்குதானாம். பார்ப்போம்.

நவம்பர் 9

அழுக்கு இல்லை.

தோட்டைக் கழற்றச் சொல்லி ஹெட்ஃபோனை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது பக்கம் மளமளவென்று முடிந்தது. இடது தொடங்கியதும் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன். கை அசைகிறது, சத்தம் வரவில்லை.

தாளில் 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை கட்டம் போட்டிருக்கிறது. வலதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. நம் ஆர்சிஏ வயரிலும் வலது சிவப்புதான். வட்டங்கள் மேலே 15, 20 டெசிபலில் ஒழுங்காக நிற்கின்றன. பெருக்கல் குறிகள் 50-ல் தொடங்கி 80 வரை சரிந்து போகின்றன.

ஸ்டீராய்டு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். முழுசா வருமா டாக்டர் என்று இவர்தான் கேட்டார். “சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி வரும். சிலருக்கு வராது. சீக்கிரம் ஆரம்பிச்சிருக்கோம், அது நல்லது.” காரணம்? பெரும்பாலும் தெரிவதே இல்லையாம். காரணம் தெரியாத ஃபால்ட் என்று சொன்னால், எனக்கு ரிப்பேர் வேலை சொல்லிக் கொடுத்த பாய் சிரிப்பார்.

நவம்பர் 10

ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பல்லாவரம் சந்தைக்குப் போனேன்.

பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாய் விரித்த ஒரு கடை. மிக்ஸி ஜார்கள், செத்த செட்டாப் பாக்ஸ்கள், அவற்றுக்கு அடியில் வெள்ளி முகம் ஒன்று. பயனியர் எஸ்எக்ஸ்-780, ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ஸ்டீரியோ பெட்டி. மேலே யாரோ பூந்தொட்டி வைத்த வட்டக் கறை. 1978 மாடல், சேனலுக்கு 45 வாட். ஜப்பான்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாட்டை ஏற்றிய காலம் அது. இதே வீட்டுப் பெரியண்ணன் எஸ்எக்ஸ்-1980-க்கு 270 வாட். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்தக் கூடத்தில் என்ன கேட்டிருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 45 போதும். தாராளம்.

“வேலை செய்யுதா தம்பி?”

“லைட்டு எரியும்க்கா.”

ஆறாயிரத்தில் ஆரம்பித்து 3,800-க்கு முடிந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், தொடை மரத்துவிட்டது. இவர் கதவைத் திறந்தார், பார்த்தார், காபி போடப் போனார்.

நவம்பர் 11

மேல் மூடியைக் கழற்றியாயிற்று. ஒரு பல்லி எலும்புக்கூடு, வால் நுனி வரை முழுதாக. டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். கரப்பான் முட்டைகள். பெயிண்ட் பிரஷ்ஷும் புளோயரும் வைத்து வாசலில் சுத்தம் செய்தேன், எதிர்வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பின்பக்க வோல்டேஜ் திருகு 240-ல்தான் இருந்தது. நல்லது. 120-ல் இருந்த ஒன்றைப் பார்க்காமல் சொருகி, வீடு முழுக்கப் புகையாக்கிய கதை பாயிடம் இருக்கிறது.

இத்தனை வருஷம் தூங்கிய பெட்டியை நேரே பிளக்கில் மாட்டக்கூடாது. சீரீஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி பிழைக்கும். குண்டு பல்புதான் கிடைப்பதில்லை. எல்லாக் கடையிலும் எல்ஈடியை நீட்டுகிறார்கள். நான் பரணில் ஒரு டஜன் சேர்த்து வைத்திருக்கிறேன், இந்த வீட்டில் தங்கம் அதுதான்.

பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கியது. சில நொடி கழித்து உள்ளே ‘டிக்’. ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே பிடித்துக்கொண்டது. உயிர் இருக்கிறது.

அந்த ‘டிக்’ வலது காதில் கேட்டது.

நவம்பர் 12

தீபாவளி. கேட்காத காதுக்குள் வெடிச்சத்தம் மட்டும் குத்துகிறது. இது என்ன நியாயம்?

நவம்பர் 13

தூக்கமில்லை, மாத்திரையின் கைங்கர்யம். ராத்திரி இரண்டு மணிக்கு ஹம் கேட்டது. நன்றாகத் தெரிந்த ஹம்: ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்தால் வருமே, 100 ஹெர்ட்ஸ், அது. எழுந்து போய்ப் பார்த்தேன். பயனியர் பிளக்கிலேயே இல்லை. ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். ஹம் நிற்கவில்லை.

நவம்பர் 14

பயனியரில் இடது சேனல் வரவில்லை.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஆனால் வரவில்லை. வால்யூமைக் கொஞ்சமாக வைத்தால் வலது மட்டும் பாடுகிறது. நன்றாகத் திருகினால் இடது கரகரவென்று எழுந்து ஒரு வரி பாடுகிறது, குறைத்ததும் போய்விடுகிறது. வலது காதை இடது ஸ்பீக்கரில் ஒட்டவைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். நடுவில் உட்கார்ந்து கேட்டால் எனக்கு எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. இவர் கூப்பிட்டால் அடுப்படியா, மாடியா, தெரியவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்த் தேட வேண்டியிருக்கிறது.

பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: சந்தேகம் வந்தால் மாற்றிப் போடு. ஸ்பீக்கர் வயரை இடம் மாற்றினேன். ஊமை வலது ஸ்பீக்கருக்குப் போனது. ஆக, ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. இன்புட் வயரை மாற்றினேன். ஊமை நகரவில்லை. ஆக, வயரும் இல்லை, பாட்டு வரும் போனும் இல்லை. ஃபால்ட் பெட்டிக்குள். டேப் மானிட்டர் பட்டனைப் பத்திருபது தரம் அமுக்கி அமுக்கி எடுத்தேன், பேலன்ஸ் திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன், காண்டாக்ட் க்ளீனர் அடித்தேன். பாதி பழைய செட்டுகள் இதிலேயே சரியாகிவிடும். இது ஆகவில்லை.

பிறகு ஹெட்ஃபோனைப் போனில் சொருகித் திருப்பி மாட்டிக்கொண்டேன், எல் என்று போட்டது வலது காதில், ஆர் என்று போட்டது இடது காதில்.

ஊமை நகரவில்லை.

நவம்பர் 16

செவிப்பறை வழியாக ஊசி. வலி இருக்காது என்றார்கள், இருந்தது. உள்ளே குளிர்ச்சியாக ஏதோ இறங்கியதும் அறை சுழன்றது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் படுக்க வேண்டும், விழுங்கக்கூடாது, பேசக்கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடுமாம். விழுங்காதே என்று சொன்ன பிறகுதான் வாயில் அத்தனை எச்சில் ஊறுகிறது. டிஷ்யூவை ஒற்றிக்கொண்டே சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நத்தைக்கூடு. நல்ல வயரிங்.

நவம்பர் 18

ரிட்சி தெரு. “யாருக்கு மேடம், என்ன ரிப்பேர்னு சாரையே பேசச் சொல்லுங்களேன்” என்றான் ஒரு கடைப்பையன், என் பேத்தி வயசுகூட இருக்காது. 24 வோல்ட் டபுள் போல் ரிலே, காண்டாக்ட் எத்தனை ஆம்பியர் என்று கேட்டேன். அடங்கினான்.

நரசிங்கபுரம் தெருச் சந்தில் பாய் கடை. என் இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னார். நான் சுற்றிவந்து அவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அப்படியே ஆயிற்று. ஒரு கணம் பார்த்தார். அதற்குப் பிறகு டீ வாங்கிக் கொடுக்கும்வரை என் வலப்பக்கமாகவே இருந்தார். எதுவும் கேட்கவில்லை.

“முதல்ல ரிலேயப் பாருங்கம்மா. ஐசியில கை வெக்காதீங்க. உள்ள எஸ்டிகே 0050 இருக்கும், ரெண்டு. அது ஜப்பான்லேருந்து வந்தது. இப்ப இங்க விக்கிறதுல மேல இருக்கற எழுத்து மட்டும்தான் ஒரிஜினல்.”

நவம்பர் 19

உலகக் கோப்பை இறுதியில் தோற்றோம். ஊரே மோனோவில் இருக்கிறது.

நவம்பர் 21

ஏஎம்மில் 720-க்கு முள்ளைக் கொண்டுபோனேன். சென்னை வானொலி, கொஞ்சம் இரைச்சலோடு, நாதஸ்வரம். மத்திய அலையில் இடது வலது கிடையாது, ஒரு காதுக்கு இருப்பதுதான் எல்லாக் காதுக்கும். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சமையல் ஆகவில்லை. இவர் தோசை ஊற்றினார்.

நவம்பர் 22

புது வரைபடம். 250-லும் 500-லும் பெருக்கல் குறி கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. 2,000-க்கு மேல் அசைவே இல்லை. “இம்ப்ரூவ்மென்ட்தான்” என்றார் டாக்டர். சர்க்கரை 240. அது மட்டும் நன்றாக ஏறுகிறது.

நவம்பர் 24

இன்று ரிலே.

முதலில் அளந்தேன். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன், மீட்டர் ஸ்பீக்கர் முனையில். வலது ஒரு வோல்ட். இடதும் ஒரு வோல்ட். என்னடா இது? ஸ்பீக்கர் கழற்றியிருந்தது. லோடு இல்லாமல் அளந்தால் கெட்டுப்போன காண்டாக்ட்கூட யோக்கியனாகத்தான் தெரியும், கரண்ட் ஓடினால்தான் வேஷம் கலையும். எட்டு ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரை இரண்டு பக்கமும் மாட்டினேன். வலது ஒரு வோல்ட். இடது 0.2, 0.15, மறுபடி 0.3, ஒரு இடத்தில் நிற்கவில்லை. ரிலேக்கு முன்னால் தொட்டுப் பார்த்தால் இரண்டும் சமம். அகப்பட்டுக்கொண்டது.

ஈயத்தை உறிஞ்சி ரிலேயை வெளியே எடுத்தேன். தெளிந்த பிளாஸ்டிக் மூடி, நகத்தால் நெம்பினால் வந்துவிட்டது. இரண்டு ஜோடி காண்டாக்ட். ஒன்று மங்கலான வெள்ளி. மற்றது கரிக்கட்டை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தால் மேல்பூச்சு போய் ஆறு மாதத்தில் மறுபடி கறுக்கும். விசிட்டிங் கார்டில் ஒரு கீற்று வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, காண்டாக்டை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுக்க வேண்டும். முதல் கீற்று கறுப்பாக வந்தது. அடுத்தது சாம்பல். வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். வங்கியில் என் பழைய பதவி அச்சடித்த கார்டுகள், ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நல்ல தாள்.

மறுபடி பொருத்தி, பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்து, சில நொடி. டிக். அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று பார்த்தேன்: இடது 22 மில்லிவோல்ட், வலது 18. ஐம்பதுக்குள் இருந்தால் போதும். லோடு மாட்டி டோன் கொடுத்தேன். இடது ஒரு வோல்ட். வலது ஒரு வோல்ட். வால்யூமைக் கடைசி மட்டும் குறைத்தேன், இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின.

வாங்கி வைத்த புது ரிலேயை இப்போது மாட்டுவதா, இதையே ஓட்டுவதா? இது 45 வருஷ ரிலே. புதிதை மாட்டுவதுதான் முறை. மனசு வரவில்லை.

இவரைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தேன். “ரெண்டு பக்கமும் வருதா?” “வருது.” “சமமா?” கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “சமம்தான். நீ உக்காந்து கேளேன்.”

குளிக்கப் போனேன்.

நவம்பர் 26

கேரார்ட் எஸ்பி 25 ரெக்கார்டு பிளேயர் சுருதி பிசகிப் பாடுகிறது. எக்கோ கம்பெனி எல்பி ஒன்று, வருஷக்கணக்காகக் கேட்டது, பல்லவியிலேயே ஒரே குரல் இரண்டு ஸ்வரத்தில். ஐட்லர் ரப்பர் கல்லாகியிருக்கும் என்று எடுத்துத் துடைத்தேன். மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். போகவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு உறவுக்காரர் கொண்டுவந்த பிளேயர் ஞாபகம் வந்தது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் கப்பியை மாற்றாமல் மாட்டினால் 33⅓ சுற்ற வேண்டியது 28-க்கும் கீழே போய்விடும், பாடகிகள் எல்லாம் பாடகர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் இது ஸ்விண்டனில் செய்து நம்மூருக்கென்றே வந்த 50 ஹெர்ட்ஸ் கப்பி.

ஸ்ட்ரோப் தாளைத் தட்டில் போட்டேன், 180 கோடு. கூடத்து எல்ஈடி வெளிச்சத்தில் அது பயன்படாது, சோக் வைத்த பழைய டியூப் லைட் வேண்டும். அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய் கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சுற்றவிட்டேன். கோடுகள் அசையாமல் நின்றன. வேகம் மிகச் சரி.

இடது காதை விரலால் அடைத்தேன். பாட்டு சுத்தம். எடுத்தேன். பிசகு.

போனில் 500 ஹெர்ட்ஸ் வைத்து ஒவ்வொரு காதாகக் கேட்டேன். ஒரே டோன், இரண்டு சுருதி. டாக்டரிடம் போனில் சொன்னதற்கு, “அப்படின்னா அந்தக் காது கேக்க ஆரம்பிச்சிருக்கு” என்றார் சந்தோஷமாக. எனக்கு அழுகையாக வந்தது. எல்பியை உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

நவம்பர் 28

ஸ்பீக்கர் ஃபோம் ஒட்டினேன். பழையது தொட்டதும் தூளாக உதிர்கிறது, நம்மூர் ஈரத்துக்கு ஃபோம் நிற்காது. சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. கோன் நடுவில் நிற்கிறதா என்று ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டுப் பார்த்தேன், பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் முன்னே தள்ள வேண்டும். தள்ளியது, உரசாமல். 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டு விரல் நுனியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இதற்குக் காது வேண்டாம்.

நவம்பர் 30

ராத்திரி முழுக்க மழை. ஊசி. இந்தத் தரம் அறை சுழலவில்லை. அடுத்த வரைபடம் திங்கள் காலை பத்தரைக்கு.

டிசம்பர் 1

சந்தைக்குப் போகவில்லை. ஹம் குறைந்திருக்கிறதா, பழகிவிட்டதா?

டிசம்பர் 2

புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர். மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை. 2015-ல் தண்ணீர் வடிந்த பிறகு என் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ரவை உப்புமாவாகக் கிடந்தன, பார்ட்டிகிள் போர்டு. பிளைவுட் பெட்டி மட்டும் பிழைத்தது. பயனியரைச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றியாயிற்று. குண்டு பல்புகள் ஏற்கனவே பரணில்.

மதியம் சந்தடி சாக்கில் ஒரு பாட்டுப் போட்டேன், மோனோ பட்டனை அமுக்காமல். நடுவில் உட்கார்ந்தேன். குரல் வலது பக்கம் சாய்ந்துதான் இருந்தது. பேலன்ஸை இடப்பக்கம் ஒன்பது மணி வரை… இல்லை, அதை எழுத வேண்டாம். திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 3

திங்கள் விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். ஓபி உண்டா என்று கேட்கப் போன் பண்ணினால் எடுப்பாரில்லை. மாத்திரை நாளைக் காலை வரைதான் இருக்கிறது, மெடிக்கல் ஷாப்புக்கு இவர் குடையோடு போயிருக்கிறார். கேரார்டை பீரோ மேல் வைத்தாயிற்று. ஸ்பீக்கர்கள் கட்டில் மேல். நாங்கள் எங்கே படுப்பது என்று தெரியவில்லை.

வாசலில் தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. மழை இரண்டு காதிலும் கேட்கிறது, இடதில் கொஞ்சம் தகரமாக. இன்வெர்ட்டர் பேட்டரி இன்னும் தரையில் இருக்கிறது, தூக்க ஆள் வேண்டும். மாடிவீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கிறேன்.