கீபோர்டு இல்லாத மூன்று பேர்

கல்யாண விருந்து மேடையில் பாஸ் கிட்டார்காரனுக்கு வேலை குறைவு. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பல வருடமாக வாசித்து வருகிறேன். கீபோர்டுக்காரர் இடது கையில் பாஸ், வலது கையில் வயலின் கூட்டம், ஒரு பொத்தானில் தபலா என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். நான் நிறுத்தினாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1957இல் மூன்றே பேராகச் செய்த ஒலிப்பதிவுகள் என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். டெனர் சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பியானோவும் கிடையாது, கிட்டாரும் கிடையாது. பாஸ் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

முதலில் கேட்டது ‘வே அவுட் வெஸ்ட்’ என்ற இசைத்தட்டு. லாஸ் ஏஞ்சலஸில் 1957 மார்ச் 7 அன்று பதிவானது. ரோலின்ஸுக்கு அப்போது 26 வயது. பாஸுக்கு ரே பிரவுன், டிரம்ஸுக்கு ஷெல்லி மேன். மூவருக்கும் வேறு வேலைகள் இருந்ததால் அதிகாலை 3 மணிக்குத்தான் ஸ்டூடியோவில் ஒன்றுசேர முடிந்தது. அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்க, எழும்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அந்த நேரத்தில் எழுந்து உழைத்தவர்களின் வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, பதிவில் இருக்கிற தெளிவு எனக்கு நன்றாகப் புரிகிறது. தூக்கக் கலக்கம் துளியும் இல்லை.

அதன் ஸ்டீரியோ பதிப்பில் சாக்ஸ் ஒரு பக்கம், பாஸும் டிரம்ஸும் மறுபக்கம். பாஸ் கற்பவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி ரே பிரவுனோடு சேர்ந்து வாசிப்பேன். அப்புறம் காதை மாற்றிக்கொண்டால் ரோலின்ஸ் மட்டும் தனியாக வந்து நிற்பார். இப்போது அவருக்கு நான்தான் பாஸ். அங்கேதான் எனக்கு வேர்க்கத் தொடங்கும்.

ஏன் என்று சொல்கிறேன். கீபோர்டில் சி மேஜர் பிடித்தால் சி, ஈ, ஜி மூன்று சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். பாட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்குச் சந்தேகமே வராது. பியானோவை எடுத்துவிட்டால் அதைச் சொல்ல ஆளில்லை. சாக்ஸ் ஒரு ஜி வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நான் சி வைத்தால் அந்த ஜி உறுதியாக உட்காரும். ஈ ஃபிளாட் வைத்தால் அதே ஜி இனிக்கும். ஏ வைத்தால் அது நிற்க முடியாமல் அடுத்த இடத்துக்கு நகரப் பார்க்கும். சாக்ஸ்காரர் ஒரு விரலையும் மாற்றவில்லை; ஒரே ஒரு தாழ்ந்த சுரம் அவர் வாசித்ததின் அர்த்தத்தையே மாற்றிவிட்டது.

நம் காதுக்கு மூன்று பேர் போதும் என்பது புதிதல்ல. கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். கூட வயலின், மிருதங்கம். 2019இல் அவர் மறைந்தபோது எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அவருடைய வாசிப்பைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அங்கே சுருதி அசையாமல் நிற்கும். ரோலின்ஸிடம் தரையே நகர்கிறது, அதை நகர்த்துகிறவன் பாஸ்காரன். ஜாஸ் பழகாத நம் ஆட்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அதே 1957இல், நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறை கிளப்பில் ரோலின்ஸின் இன்னொரு பதிவு. பிற்பகலுக்கு டொனால்ட் பெய்லி பாஸ், பீட் லா ரோக்கா டிரம்ஸ். இரவுக்கு வில்பர் வேர், எல்வின் ஜோன்ஸ். என் உயிர் இரவுப் பதிவில்தான் இருக்கிறது. வில்பர் வேர் நிறைய வாசிக்கமாட்டார். தாழ்ந்த சுரங்களைத் தடித்த மரச் சத்தத்தோடு வைப்பார், இடைவெளி விடுவார், சொன்னதையே இன்னொரு தரம் சொல்வார். ரோலின்ஸ் எவ்வளவு தூரம் போனாலும் அவர் பின்னால் ஓடுவதில்லை. இவ்வளவு துணிச்சலான பாஸை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எங்கள் டிரம்ஸ் தம்பியின் அப்பா தோட்டத்துக் கோயிலில் தவில் வாசித்தவர். எல்வின் ஜோன்ஸைப் போட்டுக் காட்டியபோது அவன் கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, இவரு சமத்த எங்க வைக்கிறாரு?” சரியான கேள்வி. சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, உள்ளேதான் இருக்கிறது. எல்வின் அதை அடித்துக் காட்டுவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பொறுப்பும் பாஸிடம் வந்துவிடுகிறது.

கீபோர்டுக்காரர் வேலைக்காக ஜோகூர் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் தேடாமல், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் டெனர் பழகிய அண்ணனையும் சேர்த்து நாங்கள் மூன்று பேராகவே பழைய சினிமாப் பாட்டு ஒன்றைத் தோட்ட மண்டபத்தில் பதிவு செய்து வருகிறோம். கைப்பேசிதான் கருவி. பாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மற்றதெல்லாம் மூழ்கிவிடுகிறது, டிரம்ஸ் பக்கம் வைத்தால் சிம்பல் மட்டும் கேட்கிறது. சாக்ஸுக்கு முன்னால், நாற்காலி உயரத்தில் வைத்தபோதுதான் மூன்றும் வந்தன. மாலை மழை தகரக் கூரையில் விழுந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

1958இல் ரோலின்ஸ் ‘ஃப்ரீடம் ஸூட்’ என்று ஓர் இசைத்தட்டு செய்தார். பாஸ் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட், டிரம்ஸ் மேக்ஸ் ரோச். தலைப்புப் படைப்பு மட்டும் ஏறக்குறைய 19 நிமிடம். அமெரிக்காவின் பேச்சும் நகைச்சுவையும் இசையும் கறுப்பின மக்களிடம் வேர்கொண்டவை, அந்த மக்களையே நாடு ஒடுக்குகிறது என்று இசைத்தட்டோடு அவர் எழுதியிருந்தார். பின்னாளில் அதே இசைத்தட்டு வேறு தலைப்பில் மறுபடி வெளிவந்தது. தாத்தா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் இன்று வரிசை வரிசையாகச் செம்பனை. நாங்கள் இருந்த லயங்கள், அந்த வரிசை வீடுகள், இல்லை. ரோலின்ஸ் எழுதிய அந்த வரிகளை என்னால் வேகமாகப் படித்துத் தாண்ட முடியவில்லை. கறுப்பு மக்களின் கதையும் எங்கள் கதையும் ஒன்றென்று சொல்லவில்லை. உழைத்து ஒரு நாட்டைக் கட்டியவன் தன் பெயரை அதில் எழுதக் கேட்பது எனக்குத் தெரிந்த குரல்.

கேட்கத் தொடங்குபவர்கள் ‘வே அவுட் வெஸ்ட்’டில் தொடங்கலாம், மெட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். வான்கார்டு பதிவுக்கு அப்புறம் வாருங்கள். தயவுசெய்து கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பாஸ் கேட்காது. மூன்று பேரில் ஒருவர் வரவே இல்லை என்று ஆகிவிடும்.